ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அப்பா பிள்ளைகளோடு ஜெபிக்கலாமா?

நீங்கள் கேட்டிருப்பது பார்வைக்கு மூன்று கேள்விகள். உண்மையான கத்தோலிக்க ஆண் யார் என்று திருச்சபை எங்கேயாவது சொல்லியிருக்கிறதா என்பது முதலாவது. பன்னிரண்டு வருடமாக விடாத ஆபாசப் படப் பழக்கத்தை மாதாமாதம் பாவசங்கீர்த்தனத்தில் (குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவதில்) சொல்லிவிட்டு மறுபடி அதிலேயே விழுகிறேனே, அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லுமா என்பது இரண்டாவது. ஞாயிறு பூசையில் உள்ளுக்குள் எதுவுமே தோன்றவில்லை, விசுவாசம் போய்விட்டதா என்பது மூன்றாவது. எல்லாம் எழுதி முடித்த பிறகு சேர்த்ததுபோலக் கடைசியில் ஒரு வரி இருக்கிறது: 'இப்படிப்பட்ட நான் பிள்ளைகளை ஜெபிக்க உட்கார வைக்கும்போது நடிக்கிறேன் என்று தோன்றுகிறது.' அந்த வரிதான் உங்கள் கேள்வி என்று எனக்குப் படுகிறது. மற்ற மூன்றுக்கும் அதை மனதில் வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

நான் குருவானவர் இல்லை. கல்யாணமானவன், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இறையியலை முறையாகப் படித்தேன். அப்புறம் இருபது வருடத்துக்கும் மேலாக ஆண்களுக்கான தியானங்களில் உதவியாக இருந்து, தனியாகப் பேச வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு வருகிறேன். உங்கள் மனசாட்சிக்குள் நுழைந்து, இது சாவான பாவம் (கடவுளோடுள்ள உறவையே முறிப்பது), இது இல்லை என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அது உங்களுக்கும் உங்கள் பாவசங்கீர்த்தனக் குருவுக்கும் இடையில் நடக்க வேண்டியது. மருத்துவனும் இல்லை. திருச்சபை போதிப்பது எது, மரபில் பெரியவர்கள் சொன்னது எது, வெறுமனே என் அபிப்பிராயம் எது என்று முடிந்தவரை பிரித்துச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு உறுதியான பதில் உண்டு, அது பலருக்கு ஏமாற்றமாகவும் இருக்கும். 'கத்தோலிக்க ஆண்மை' என்று தனியாக ஓர் இலக்கணத்தைத் திருச்சபை வகுத்துக் கொடுக்கவில்லை. திருமுழுக்குப் பெற்ற எல்லோருக்கும் புனிதத்துக்கான அழைப்பு ஒன்றுதான் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் ஓர் அதிகாரம் முழுக்கச் சொன்னது. விவேகம், நீதி, மனத்திடம், மிதம் என்ற நான்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானவை. கணவர், தகப்பன், துறவி, குரு என்று அவரவர் நிலைக்குரிய கடமைகளைப் பற்றித்தான் திருச்சபை தனித்தனியாகப் பேசுகிறது.

நீங்கள் பார்ப்பதாக எழுதியிருந்த காணொளிகள் எனக்கும் தெரிந்த வகைதான். சிலுவைப்போர் வீரன் படம், குளிர்ந்த நீர்க் குளியல், விடியற்காலை உடற்பயிற்சி, 'வீட்டில் உன் சொல்தான் கடைசிச் சொல்' என்ற உபதேசம், எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி மேலே ஒரு ஜெபமாலையை வைத்திருப்பார்கள். உடம்பைப் பேணுவதில் தவறே இல்லை. நோன்பும் ஒறுத்தலும் நம் மரபிலேயே இருப்பவை. ஆனால் அந்தக் கடைசிச் சொல் உபதேசம், எபேசியர் திருமுகத்தைப் பாதியிலிருந்து படிப்பதால் வருவது. மனைவியர் பணிந்திருக்க வேண்டும் என்பது 5:22. அதற்கு முந்தின வசனம் ஒருவருக்கொருவர் பணிந்திருக்கச் சொல்கிறது. பிறகு மனைவியருக்கு மூன்று வசனங்கள் வருகின்றன. கணவர்களுக்கோ அதைவிட மிக நீளமாக, கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல் அன்பு செய்யுங்கள் என்று போகிறது. இந்தப் பணிதல் இரண்டு பக்கமும் உள்ளது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988-ல், பெண்களின் மாண்பு பற்றிய மடலில் வெளிப்படையாகவே எழுதினார். அதற்கும் முன்னால், 1981-ல் குடும்பம் பற்றி எழுதியபோது, அப்பா வீட்டில் இல்லாமல் போவதும், இருந்துகொண்டே எல்லோரையும் அடக்கி ஒடுக்குவதும் குடும்பத்தைக் குலைக்கும் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார். நீங்கள் நல்ல குடும்பத் தலைவனா என்று உங்களை அளக்கும்போது இந்த அளவுகோலை எடுங்கள், அந்தக் காணொளிகளின் அளவுகோலை வேண்டாம்.

சரி, அப்படியானால் ஆண்களுக்கென்று தனியாக ஒரு சோதனையும் இல்லையா? இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். இது என் அபிப்பிராயம்தான். என்னிடம் பேச வந்தவர்கள் காமம், குடி, கோபம், பணம் என்று பலவற்றைச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்றையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அது ஒளிந்துகொள்வது. தொடக்கநூல் மூன்றாம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படித்துப் பாருங்கள். பாம்பு பெண்ணோடு பேசுகிறது. அவள் கனியைப் பறித்து உண்டு, தன்னோடு இருந்த கணவனுக்கும் கொடுக்கிறாள் என்று இருக்கிறது. 'தன்னோடு இருந்த' என்பது நூலில் உள்ள சொல். அந்தப் பேச்சு முழுக்க அவன் பக்கத்திலேயே வாய்மூடி நின்றானா என்பது உரையாசிரியர்களின் ஊகம், அதை உறுதி என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்து நடப்பதில் ஊகம் எதுவும் வேண்டியதில்லை. ஆண்டவர் 'நீ எங்கே இருக்கிறாய்?' என்று கேட்கிறார். பயந்தேன், ஆடையில்லாமல் இருந்தேன், ஒளிந்துகொண்டேன் என்கிறான் ஆதாம். உண்டாயா என்று கேட்டதும், நீர் தந்த இந்தப் பெண்தான் கொடுத்தாள் என்கிறான். ஒரே மூச்சில் மனைவிமேலும் கடவுள்மேலும் பழி போட்டாயிற்று. பயம், வெட்கம், ஒளிவு, பழி என்ற இந்த வரிசை எனக்கு ரொம்பவும் பழக்கமானது, ஏனென்றால் என் வீட்டிலேயே அதைச் செய்திருக்கிறேன்.

ஒரு தியானத்தில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றித் துடைத்தார். கால் மணி நேரம் பிள்ளைகளின் படிப்பு, வேலை என்று பேசினார். எழுந்து போகும்போது வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு, 'நான் இருபத்தாறு வருடமாக என் மனைவியிடம் ஒரு பொய்யோடு வாழ்கிறேன்' என்றார். என் முகத்தைப் பார்த்து அவரால் சொல்ல முடியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. உழைத்தார், ஜெபித்தார், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனார். ஒன்றை மட்டும் யாருக்கும் காட்டவில்லை, அது மற்ற எல்லாவற்றையும் உள்ளிருந்து அரித்துவிட்டது. உங்கள் கடைசி வரியைப் படித்தபோது அவர் நினைவுதான் வந்தது. நீங்கள் அந்நியர்களுக்காவது அதை எழுதிவிட்டீர்கள், அவர் அதைச் சொல்லவே இருபத்தாறு வருடம் ஆனது.

இனி அந்தப் பழக்கத்துக்கு வருகிறேன். ஆபாசப் படம் பார்ப்பது கனமான குற்றம் என்று திருச்சபைப் போதனையின் தொகுப்பான மறைக்கல்வி ஏடு சொல்கிறது, அதில் குழப்பம் கிடையாது. அங்கே மனிதர்கள் பண்டமாக்கப்படுகிறார்கள். பார்க்கிறவருக்கும் நடிக்கிறவருக்கும் இருவருக்குமே அது செய்யும் தீங்கை வைத்துத்தான் அந்தத் தீர்ப்பு. ஆனால் ஒரு பாவம் சாவான பாவமாக மூன்று வேண்டும்: கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம். இதோடு சேர்ந்தே வருகிற தனிமைப் பாவத்தைப் (சுயஇன்பத்தை) பற்றிப் பேசும் இடத்தில் அதே ஏடு, முதிர்ச்சியின்மை, வேரூன்றிய பழக்கத்தின் வலு, மனப்பதற்றம் போன்றவை குற்றப்பொறுப்பைக் குறைக்கலாம் என்று சேர்த்துச் சொல்கிறது. இதை எடுத்துக்கொண்டு, அப்போ பரவாயில்லை என்று போய்விடக் கூடாது. இதை மறைத்துவிட்டு, ஒவ்வொரு தடவையும் நரகத்துக்கே போய்த் திரும்புகிறேன் என்று உங்களை வதைத்துக்கொள்வதும் தவறு. உங்கள் விஷயத்தில் சம்மதம் எவ்வளவு, பழக்கத்தின் இழுப்பு எவ்வளவு என்று எழுத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது.

பலர் இந்தப் பழக்கத்தைக் காமம் என்ற ஒரே தலைப்பில் வைத்துப் போராடித் தோற்றுப் போகிறார்கள். எத்தனையோ பேரிடம், 'விழுந்த அன்றைக்கு அதற்கு முந்தின மூன்று மணி நேரம் என்ன செய்தீர்கள்?' என்று கேட்டிருக்கிறேன். பதிலில் காமம் மிக அபூர்வமாகத்தான் முதலில் வரும். வேலையில் ஒரு அவமானம், மனைவியோடு முடிக்காமல் விட்ட சண்டை, ஒன்றும் செய்யப் பிடிக்காத ஒரு சோர்வு, எல்லோரும் தூங்கின பிறகு கையில் போன். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி மனிதனைத் தாக்கும் எட்டு எண்ணங்களை எழுதி வைத்தார். காமம் அதில் ஒன்று. ஆனால் எல்லாவற்றிலும் கொடியது என்று அவர் சொன்னது வேறொன்று, கிரேக்கத்தில் அகேதியா. சோம்பல் என்று மொழிபெயர்ப்பார்கள், அது போதாது. நண்பகலில் அது வரும் என்கிறார். சூரியன் நகரவே இல்லை, பகல் ஐம்பது மணி நேரம் நீள்கிறது என்று தோன்றும். துறவி சன்னல் பக்கம் போவார், சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பொழுதை அண்ணாந்து பார்ப்பார், சகோதரர் யாராவது வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பார். அப்புறம் இருக்கிற இடம் கசக்கும், செய்கிற வேலை கசக்கும், யாருக்கும் தன்மேல் அன்பில்லை என்று தோன்றும், பழைய வாழ்க்கையின் நினைவுகள் வரும். சன்னலுக்குப் பதில் போனையும், நண்பகலுக்குப் பதில் இரவு பதினொன்றரையையும் வைத்துப் பாருங்கள்.

எவாக்ரியுஸ் தந்த மருந்து அறையை விட்டு ஓடாமல் அங்கேயே இருப்பது. கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டு கழித்து இறையியலாளர் அக்குவினா தோமா மனத்திடத்தைப் பற்றி எழுதும்போது இதற்கு ஒரு அருமையான விளக்கம் தருகிறார். மனத்திடத்தின் முதன்மையான செயல் தாக்குவதா, தாங்கி நிற்பதா என்று கேட்டு, தாங்கி நிற்பதுதான் என்கிறார். ஏனென்றால் தாக்குகிறவன் தன்னைவிட எளியவனோடு மோதுவதாக நினைக்கலாம், தாங்குகிறவன்மேல் வலியது ஒன்று வந்து மோதுகிறது. தாக்குகிறவனுக்கு ஆபத்து இனி வரவேண்டியது, தாங்குகிறவனுக்கு அது வந்தே விட்டது. தாக்குதல் ஒரு வேகத்தில் முடிந்துவிடும், தாங்குவதற்குக் காலம் பிடிக்கும். வாளும் கேடயமும் வைத்து ஆண்மையைப் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன். இரவு பதினொன்றரைக்கு வருகிற அந்த வெறுமையை எதைக்கொண்டும் நிரப்பாமல் இருபது நிமிடம் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், நீங்கள் செய்வது மனத்திடத்தின் செயல்தான். யாரும் பார்க்க மாட்டார்கள், வீரமாகவும் தோன்றாது.

நடைமுறையில் சிலவற்றைச் சொல்கிறேன், இவை என் அனுபவம் மட்டுமே. போன் படுக்கையறைக்கு வெளியே உறங்கட்டும். தடுப்புச் செயலிகள் வேலி மாதிரி, வேலி தேவைதான், ஆனால் உள்ளே விளையப் போவது என்ன என்பதை வேலி தீர்மானிக்காது. இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார் ஒரு குறையைத் திருத்த, நாளுக்கு இரண்டு கோடு போட்டு, விழும்போதெல்லாம் ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். பலருக்கு அது உதவியிருக்கிறது. ஆனால் உங்களைப்போல் ஏற்கெனவே தன்னைத்தானே வெறுத்துக்கொண்டிருப்பவர் விழுந்த கணக்கை எண்ண ஆரம்பித்தால் மனம் இன்னும் நொறுங்கிப் போவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் விழுந்ததை எண்ண வேண்டாம். விழுவதற்கு முந்தின மணி நேரத்தை இரண்டு வரியில் எழுதுங்கள். ஒரு மாதத்தில் அதில் ஒரு வடிவம் தெரியும். அந்த நோட்டைக் காட்ட ஒரே ஒரு ஆள் வேண்டும், நட்பாக, உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருந்தால் நல்லது. இத்தனை வருடத்தில் இந்தப் பழக்கத்திலிருந்து தனியாகவே வெளியே வந்ததாகச் சொன்னவர் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. பழக்கம் கை மீறிப் போயிருந்தால், அடிமைத்தனத்துக்குச் சிகிச்சை தருகிற மனநல ஆலோசகரிடம் போவதும் அருளுக்கு விரோதமானது இல்லை.

பாவசங்கீர்த்தனம் செல்லுமா என்பதற்கு: செல்லும், நீங்கள் எழுதியிருப்பது உண்மையானால். திருந்துவேன் என்ற தீர்மானம் அவசியம். ஆனால் 'இனி விழவே மாட்டேன்' என்று ஆரூடம் சொல்லுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. மறுபடி விழுந்துவிடுவேனோ என்ற அச்சம், ஏன், விழக்கூடும் என்ற கணிப்புகூட, தீர்மானத்தைப் பொய்யாக்கிவிடாது என்று இரண்டாம் யோவான் பவுல் 1996-ல் வத்திக்கானின் பாவமன்னிப்பு நீதிமன்றத்தின் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் தெளிவாக்கினார். இன்று ராத்திரிக்கும் போனைத் தயாராக வைத்துக்கொண்டு முழங்காலிட்டால் அது வேறு கதை. அப்படி இல்லாமல், வேண்டாம் என்று மனதார நினைத்து, பலவீனத்துக்குப் பயந்து நிற்கிற ஆளுக்கு மன்னிப்பு முழுமையாகவே கிடைக்கிறது.

மனைவியிடம் சொல்ல வேண்டுமா என்று போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். இதில் அனுபவமுள்ள குருக்களும் ஆலோசகர்களும் ஒரே மாதிரி பேசுவதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை மனைவியிடமும் சொல்லியே ஆக வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் ஏதும் இல்லை. என் எண்ணம், பெரும்பாலான திருமணங்களில் ஒருநாள் சொல்வதுதான் நல்லது, ஆனால் எப்படிச் சொல்கிறோம் என்பது பெரிய விஷயம். குற்ற உணர்ச்சி தாங்காமல் நடுராத்திரியில் கொட்டிவிட்டு, நமக்குப் பாரம் இறங்கியது என்று தூங்கிவிடக் கூடாது, அவள் விழித்துக்கொண்டு கிடப்பாள். முதலில் குருவிடமும் ஆலோசகரிடமும் பேசி, ஏற்கெனவே மாற்றத்துக்கான வழியில் கால் வைத்துவிட்டு, அப்புறம் சொல்லுங்கள். விவரணை வேண்டாம், உண்மை வேண்டும். அவள் கோபப்பட்டால் அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. முக்கியமாக, 'நீ என்னைக் கவனித்துக்கொள்' என்று அவளை உங்கள் காவலாளி ஆக்கிவிடாதீர்கள்.

பூசையில் ஒன்றும் தோன்றவில்லை என்பதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். உணர்ச்சி வற்றிப்போவது விசுவாசம் போனதற்கு அடையாளம் ஆகாது, இதில் மரபு முழுவதும் ஒரே குரலில் பேசுகிறது. ஒன்றும் தோன்றாமலும் ஞாயிறுதோறும் போகிறீர்களே, அதைச் செய்வது விசுவாசம்தான். ஆனால் கவனமாக ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஜெபத்தில் மட்டுமா இந்த வறட்சி, அல்லது தூக்கம், சாப்பாடு, வேலை, பிள்ளைகளின் சிரிப்பு எதிலுமே ருசி இல்லாமல் வாரக்கணக்கில் போகிறதா? இரண்டாவது என்றால் மருத்துவரைப் பாருங்கள். ஆண்கள் இதைத் தள்ளிப்போடுவார்கள், ஜெபம் செய்தால் சரியாகிவிடும் என்பார்கள். குழந்தை இயேசுவின் தெரேசாவின் அப்பா லூயி மார்ட்டின் கடிகாரம் செய்பவர், ஐந்து மகள்களைத் துறவறத்துக்குத் தந்தவர். அவர் 1889 முதல் மூன்று வருடத்துக்கும் மேலாக மனநல மருத்துவமனையில் இருந்தார். 2015-ல் திருச்சபை அவரை மனைவி செலியோடு சேர்த்துப் புனிதராக அறிவித்தது. மனம் நோயுற்றது அவருடைய புனிதத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை.

சூசையப்பரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நற்செய்தி நூல்களில் அவர் பேசிய ஒரு வார்த்தைகூட இல்லை. ஆதாமின் மௌனத்தைப் பற்றி மேலே சொன்னேன், இவரும் மௌனம்தான். ஆனால் மறைவாக இருப்பது வேறு, ஒளிந்துகொள்வது வேறு. மத்தேயு அவருக்கு நான்கு கனவுகளைத் தருகிறார். ஒவ்வொரு கனவுக்கும் அடுத்து அவர் ஒன்றைச் செய்கிறார். மனைவியை ஏற்றுக்கொள்கிறார், எகிப்துக்குப் போகிறார், திரும்புகிறார், கலிலேயாவுக்கு வழி மாற்றிக்கொள்கிறார். எகிப்துக்குப் புறப்பட்டது இரவிலேயே என்று மத்தேயு குறிப்பாக எழுதுகிறார். இருட்டில் எழுந்து, தூங்குகிற குழந்தையைத் தூக்கி, அவளை எழுப்பி, கையில் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு கிளம்பும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். விடியும்வரை காத்திருக்கலாம் என்று அவர் நினைக்கவில்லை. உங்களுக்கு இரவு எப்படிப்பட்ட நேரம் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் இதைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் அவர் பெயரைச் சொல்லுங்கள். பூசையில் நாம் கேட்கும் அவர் பெயர்கூட பூசையின் மையத்தில் குரு சொல்லும் ரோமை நற்கருணை மன்றாட்டில் 1962-ல்தான் சேர்க்கப்பட்டது, வழக்கத்தில் உள்ள மற்ற மூன்று மன்றாட்டுகளில் 2013-ல். அத்தனை காலம் மறைவாக இருந்தவர்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன், நடிக்கிறேனோ என்ற அந்த வரி. சீனாவில் மாற்கு ஜீ தியான்சியாங் என்று ஒரு மருத்துவர் இருந்தார். வயிற்று நோவுக்காக அபின் எடுத்து, அதற்கு அடிமையாகிவிட்டார். மறுபடி மறுபடி பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். திருந்தும் எண்ணம் இவருக்கு இல்லை என்று நினைத்த குரு ஒரு கட்டத்தில் பாவமன்னிப்பு தர மறுத்துவிட்டார். அதற்குப்பின் ஏறத்தாழ முப்பது வருடம் அவர் நற்கருணை வாங்கவில்லை. ஆனால் கோவிலுக்குப் போவதை நிறுத்தவில்லை, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் விசுவாசத்தில் வளர்ப்பதையும் நிறுத்தவில்லை. அபினை அவர் கடைசிவரை வென்றதாகச் சொல்லப்படவில்லை. 1900-ல், வெளிநாட்டவரையும் கிறிஸ்தவர்களையும் எதிர்த்து எழுந்த பாக்சர் கலகத்தின்போது குடும்பத்தோடு பிடிபட்டார். தன் குடும்பத்தில் ஒருவரும் தனியாகச் சாகக் கூடாது என்பதற்காக, தன்னைக் கடைசியாக வெட்டும்படி கேட்டுக்கொண்டார் என்று அவருடைய வரலாற்றைச் சொல்கிறவர்கள் சொல்கிறார்கள். 2000-ம் ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. உங்கள் பழக்கத்துக்கு இதைச் சாக்காக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன். அந்த மனிதர் பிள்ளைகளோடு ஜெபித்தபோது நடித்தாரா? நான் அப்படி நினைக்கவில்லை. மன்னிப்பு தேவைப்படுகிற ஒருவர் மன்னிப்புக்காக ஜெபிப்பது நடிப்பாகாது. நல்லவன் என்று பிள்ளைகள் முன்னால் காட்டிக்கொள்ள ஜெபித்தால் அது நடிப்பு.

இதில் என் வீட்டில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என் சோதனை கோபம். என் மகனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது, அவன் செய்யாத தப்புக்கு அவனைக் கத்திவிட்டேன். அன்று ராத்திரி ஜெபத்தில் 'எங்கள் குற்றங்களை மன்னியும்' என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. ஜெபத்தை நிறுத்திவிட்டு, 'அப்பா பண்ணினது தப்பு, என்னை மன்னிச்சிடு' என்றேன். அவன் தலை தூக்கவில்லை, பாயின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தான். 'சரிப்பா' என்றான். ஜெபம் முடிவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து என் முழங்கால் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டான். பிள்ளைகளிடம் உங்கள் பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது, அது அவர்கள் சுமக்க வேண்டியது இல்லை. ஆனால் அவர்களிடமே செய்த தப்புக்கு அவர்களிடம் மன்னிப்புக் கேட்கலாம். இன்று ராத்திரியும் அவர்களை ஜெபிக்க உட்கார வையுங்கள், நீங்களும் சேர்ந்து உட்காருங்கள்.

கடைசியாக ஒரு சின்னக் கேள்வி கேட்டிருந்தீர்கள்: ஒரே சாமியாரிடம் போகலாமா, வெட்கமாக இருப்பதால் மாற்றி மாற்றிப் போகலாமா? இரண்டும் சட்டப்படி சரிதான், யாரிடம் போனாலும் மன்னிப்பு ஒன்றுதான். அங்கே சொன்னது வெளியே வராது. அந்த இரகசிய முத்திரையை உடைக்கும் குருவுக்குத் திருச்சபைச் சட்டம் விதிப்பது மிகக் கடுமையான தண்டனை. ஆனால் ஒவ்வொரு தடவையும் புது ஆளிடம் போனால், ஒவ்வொரு தடவையும் அது முதல் தடவையாகவே இருக்கும். பன்னிரண்டு வருடமும் யாருக்கும் தெரியாமலே போய்விடும். முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்: 'ஃபாதர், இது பழைய பாவம், பன்னிரண்டு வருடமாக இருக்கிறது, எனக்கு உதவி வேண்டும்.' உங்கள் பங்குச்சாமியாரிடம் சொல்ல நா எழவில்லை என்றால், முதல் தடவை தெரியாத ஒருவரிடம் போங்கள். பொறுமையாகக் கேட்கிறவராக இருந்தால், அடுத்த தடவையும் அவரிடமே போங்கள்.